உள்ளபடி: ஏழாம் பதிப்பு

‘உள்ளபடி’யின் முதல் வாடிக்கையாளர் ஒரு வாரம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. காதில் மாட்டும் அந்தச் சின்ன மொழிபெயர்ப்புப் பொத்தான்கள் அத்தனையையும் ஒரு கல்யாணத் தாம்பூலப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு, காங்கேயத்திலிருந்து பீளமேட்டு அலுவலகத்துக்கு நேரிலேயே வந்துவிட்டார். பெயர் குழந்தைவேல். அரிசி ஆலை முதலாளி. அறுபதை நெருங்கும் வயது, மடிப்புக் கலையாத வெள்ளை வேட்டி, யாரிடமும் குரலை உயர்த்தாத மனிதர் என்று ஊரில் பெயர். ஊரில் என்றால் ஊர்க்காரர்களிடம்.

“அம்மிணி, பொருளு நல்ல பொருளுங்க. குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா எனக்கு வேண்டாமுங்க,” என்று பையை மேசைமேல் வைத்தார்.

கருவியைச் செய்த தாரணிக்கு முகம் விழுந்துவிட்டது. “என்னங்கய்யா ஆச்சு? தப்பாச் சொல்லுதுங்களா?”

“சரியாச் சொல்றதுதானுங்க பிரச்சினையே.” குழந்தைவேல் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். “மில்லுல இருக்கறவன் பூராவும் பீகார்க்காரனுங்க. பல வருசமா என்ற கூட இருக்கறானுக. நான் உள்ள போனா எந்திரிச்சு நின்னு சிரிச்ச மொகமா என்னமோ சொல்லுவானுக. கும்பிடறானுகன்னு நெனச்சு நானும் தலையாட்டிப்போட்டு போவனுங்க. இத்தன நாளா என்ன சொல்லியிருக்கறானுகன்னு இப்பத்தானுங்களே தெரியுது.”

“என்ன சொன்னாங்க?”

“பொம்பளப் புள்ளகிட்ட அதெல்லாம் சொல்ல முடியாதுங்க.”

தாரணியின் கூட்டாளி மிதுன் சிரிப்பை அடக்க முடியாமல் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். வாடிக்கையாளர்களைப் பார்த்துக்கொள்வது அவன் பொறுப்பு; கருவி அவளுடையது. தாரணி சிரிக்கவில்லை. உள்ளுக்குள் அவளுக்குக் கொண்டாட்டமாக இருந்தது. கருவி வேலை செய்கிறது என்பதற்கு அந்த மனிதரின் சிவந்துபோன காதைவிட வேறு சான்றிதழ் வேண்டுமா என்ன?

மொழிபெயர்க்கும் கருவிகளுக்கு அப்போதே பஞ்சமில்லை. வழி கேட்க, விலை கேட்க, மருந்துச் சீட்டைப் படிக்க என்று ஆளுக்கொன்று வைத்திருந்தார்கள். அவை வார்த்தையைத் தூக்கிக்கொண்டு வரும். சொன்ன ஆளை அங்கேயே விட்டுவிட்டு வரும். தாரணி செய்தது வேறு. பேசுபவரின் குரலிலேயே, அவருடைய கோபம், நக்கல், நடுக்கம், கெட்ட வார்த்தை எதையும் சிந்தாமல், கேட்பவருக்கு அவருடைய மொழியில் கொண்டுவந்து சேர்த்தது அவள் பொத்தான். எல்லாம் கேட்பவரின் காதுக்குள்தான் நடக்கும். பேசுபவர் எதையும் மாட்டிக்கொள்ள வேண்டியதில்லை.

இந்த வெறி அவளுக்கு ஒசாகாவில் பிடித்தது. அங்கே ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது, அவள் செய்த வேலையை வேறொருவர் பெயரில் போட்டுவிட்டார்கள். ஒரு கூட்டத்தில் எழுந்து நின்று தமிழிலும் ஆங்கிலத்திலுமாகக் கத்தித் தீர்த்தாள். அழுகை வேறு வந்துவிட்டது. மொழிபெயர்ப்பாளர் அம்மாள் அதை ஜப்பானிய மொழியில் சொல்லி முடித்ததும் எல்லோரும் புன்னகையோடு நாட்காட்டியை எடுத்துப் புரட்டினார்கள். என்ன சொன்னீர்கள் என்று வெளியே வந்து கேட்டாள். “அடுத்த கூட்டம் எப்போது என்று கேட்டதாகச் சொன்னேன். உன் நல்லதுக்குத்தான்,” என்றார் அந்த அம்மாள். ஒருத்தரின் கோபம் அவருடைய சொத்து, நடுவில் நிற்பவர் அதில் கைவைக்கக் கூடாது என்று அன்றைக்குத் தீர்மானித்தவள்தான். ஊருக்குத் திரும்பி, பொள்ளாச்சியில் அப்பா கொடுத்த தோப்பை விற்று, ‘உள்ளபடி’யைச் செய்தாள்.

“நம்ம நோக்கம் உசத்திதான், தாரணி,” என்றான் மிதுன், குழந்தைவேல் போனபிறகு. “ஆனா காசு குடுத்து வாங்கறவன் காதுல மாட்டணுமே. நேர்ல போய் ரெண்டு பக்கமும் என்ன சொல்றாங்கன்னு கேட்டுட்டு வரலாம்.”

போனார்கள். பையிலிருந்த பொத்தான்களைத் தொழிலாளிகளுக்கு மறுபடி மாட்டிவிட்டார்கள். முதலாளிதான் முறுக்கிக்கொள்கிறார், தொழிலாளிகள் தன்னைத் தலையில் தூக்கிவைத்து ஆடுவார்கள் என்று தாரணி நினைத்திருந்தாள். பிர்ஜு ராம் அந்த நினைப்பில் மண்ணைப் போட்டான். பீகாரின் சீவான் பக்கத்திலிருந்து வந்தவன், முப்பது வயது இருக்கும். மூட்டை தூக்குபவர்களுக்கு அவன்தான் வாய். அந்த வாயில் ஒரு வாக்கியத்துக்கு மூன்று கெட்ட வார்த்தைகள் இருக்கும். அவன் போஜ்புரியில் பேசப் பேச, தாரணியின் காதில் அது அவன் குரலிலேயே தமிழாக விழுந்தது.

“இந்தச் சனியனை மாட்டினதுலேர்ந்து தூக்கம் போச்சு. முன்னாடி மொதலாளி கத்தினா எருமை கத்தற மாதிரி. காதுல விழும், போயிடும். இப்ப எங்க அம்மாவைப் பத்தி அந்த நாய் என்ன சொல்றான்னு ஒவ்வொண்ணும் புரியுது. புரிஞ்சுக்கிட்டு நான் என்ன பண்றது? அடிச்சா வேலை போயிடும். அடிக்கலைன்னா சோறு இறங்க மாட்டேங்குது. பெருசா கண்டுபிடிச்சியே, நீயே சொல்லு.”

களத்தில் நெல்லைக் கூட்டிக்கொண்டிருந்த அவன் மனைவி சுனைனா துடைப்பத்தைப் போட்டுவிட்டு வந்தாள். “அவன் கிடக்கான். எனக்கு இது வேணும். திருப்பி வாங்கிட்டுப் போயிடாதே,” என்றாள்.

“உனக்கு மட்டும் ஏன் பிடிச்சிருக்கு?”

“மளிகைக்கடைக்காரன் சிரிச்சுக்கிட்டே என்னை என்ன பேர் சொல்லிக் கூப்பிடறான்னு இப்பத்தான் தெரிஞ்சுது. தெரியாதப்போ நானும் அவனைப் பார்த்துச் சிரிச்சுக்கிட்டு இருந்தேன்ல? இனிமே அந்தப் பக்கமே போக மாட்டேன்.”

திரும்பி வரும்போது காரில் அதைத்தான் தாரணி பிடித்துக்கொண்டாள். மிதுன் பாதையிலிருந்து கண்ணை எடுக்காமல், “அத்தனை பேர்ல ஒருத்தி,” என்றான். அவன் சொன்னதிலும் தப்பில்லை.

அப்படித்தான் இரண்டாம் பதிப்பு வந்தது. திட்டை மட்டும் எடுத்துவிடுவது, அர்த்தத்தில் கைவைப்பதில்லை. எடுத்த இடத்தில் கேட்பவரின் காதுக்குள் ஒரு சின்ன மணி ஒலிக்கும். ‘இங்கே ஏதோ விடப்பட்டிருக்கிறது’ என்று அவருக்குத் தெரிய வேண்டும். இந்த மணியைத் தாரணி விட்டுக்கொடுக்கவில்லை. மணி இருக்கிறவரை தான் பொய் சொல்லவில்லை என்பது அவள் கணக்கு.

பொத்தான்கள் விற்றன. குழந்தைவேலும் திரும்ப வாங்கிப் போனார். ஆனால் சீக்கிரமே மணியைப் பற்றிப் புகார் வரத் தொடங்கியது.

“ஒவ்வொருக்காவும் அது அடிக்கறப்ப மனசு அரிக்குதுங்க அம்மிணி. என்னத்தச் சொல்லிப்போட்டானோன்னு ஒரே ரோசனை. இதுக்குப் பேசாம திட்டையே கேட்டுப்போடலாம்னு ஆயிப்போச்சு,” என்றார் குழந்தைவேல்.

“மொதலாளி வாயைத் திறந்தா கோயில்ல பூசை நடக்கற மாதிரி அடிக்குது. எனக்குத்தானே அத்தனை பூசையும்?” என்றான் பிர்ஜு.

திருப்பூர் பின்னலாடைக்காரர்கள், கரூர் நெசவுக்காரர்கள், பெருந்துறைத் தொழிற்பேட்டை என்று எல்லா இடத்திலிருந்தும் இதே பாட்டு. மணியை எடுத்துவிடுங்கள். தாரணி ஒரு மழைக்காலம் முழுக்க மல்லுக்கட்டினாள். பணம் போட்டவர்கள் இரண்டு முறை பெங்களூரிலிருந்து வந்து, காபி குடித்து, மென்மையாக மிரட்டிவிட்டுப் போனார்கள். அலுவலகத்தில் நாற்பது பேருக்குச் சம்பளம் போட வேண்டும். நான்காம் பதிப்பில் மணி இல்லை. அது வெளியான அன்று அவளுக்குக் காய்ச்சல். வெறும் சளிக் காய்ச்சல்தான். இருந்தாலும் போர்வைக்குள் கிடந்து அழுதாள்.

அதற்குப் பிறகு எதையும் முடிவுசெய்ய வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. ஒவ்வொரு பேச்சும் முடிந்ததும் பொத்தான் கேட்கும்: இந்தப் பேச்சு உங்களுக்கு எப்படி இருந்தது? காதருகே விரலால் தட்டி நட்சத்திரம் கொடுக்கலாம். எந்த மாதிரிப் பேச்சுக்கு இரண்டு பக்கமும் ஐந்து விழுகிறதோ, அந்த மாதிரிப் பேசக் கருவி தானாகவே கற்றுக்கொண்டது. நட்சத்திரம் போடுபவர்களில் பாதிப்பேர் கொங்குநாட்டுக்காரர்கள். ஆகவே பீகாரிகளும் ஒடியாக்காரர்களும் தமிழ்க் காதுகளில் ‘ங்க’ போட்டுப் பேச ஆரம்பித்தார்கள். முதன்முதலில் கேட்டபோது தாரணிக்குச் சிரிப்பு வந்தது. அவள் அப்பா அப்படித்தான். வாழ்நாளில் யாரிடமும் முடியாது என்று சொன்னதில்லை. ‘பார்க்கலாமுங்க’ என்பார். கேட்டவர் புரிந்துகொண்டு எழுந்து போய்விடுவார். முகத்தில் அடித்த மாதிரிப் பேசாத ஊர். அந்த ஊரின் நாகரிகத்தைத்தானே கருவி படித்திருக்கிறது, இதில் என்ன கெட்டுப்போயிற்று என்று தனக்குத்தானே பூசி மெழுகிக்கொண்டாள்.

ஏழாம் பதிப்பு வந்தபோது திருப்பூரில் ஒரு பாராட்டுக் கூட்டம் போட்டார்கள். குழந்தைவேல் மேடையேறி, “என்ற மில்லுல இப்ப சண்ட சச்சரவே இல்லீங்க. அண்ணந்தம்பியாட்டம் இருக்கறமுங்க,” என்றார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. தாரணியும் தட்டினாள்.

ஆடி மாதத்தில் ஒரு பகல். சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது அவள் தொலைபேசி அடித்தது.

“அம்மிணி, நம்ம பிர்ஜு போயிட்டானுங்க.”

“எங்கீங்கய்யா போயிட்டான்? ஊருக்குங்களா?”

“தொட்டிக்குள்ள போயிட்டானுங்க.”

நெல் கொட்டிவைக்கும் இரும்புத் தொட்டி. மூன்று மாடி உயரம் இருக்கும். மழைக்காலத்தில் ஈரம் ஏறி நெல் கட்டிபிடித்துக்கொண்டால், மேலேயிருந்து ஒருவர் கயிற்றைப் பிடித்து இறங்கிக் கட்டியைத் தட்டிவிட வேண்டும். அந்த நேரத்தில் அடியில் நெல்லை வெளியே இழுக்கும் கன்வேயரை ஓட்டிவிட்டால் போச்சு. காலடி நெல் நழுவ நழுவ ஆளை உள்ளே இழுத்துக்கொண்டு போகும். மார்பளவு போனபிறகு மேலே தூக்குவது நடக்காத காரியம்.

“எப்பவும் இறங்கறவன்தானுங்க. கட்டி தட்டணும்னு சொன்னனுங்க. ‘இறங்கறேனுங்க, சுவிச்சுகிட்ட ஒரு ஆளு நின்னா நல்லா இருக்குமுங்க’ன்னான். பாக்கறேன்னு சொல்லிப்போட்டு வந்தனுங்க. வாசல்ல லாரிக்காரன் வந்து நிக்கறான். அவனோட பேசிட்டு இருக்கறப்பவே அக்கட்டால எவனோ கன்வேயரப் போட்டுட்டானுங்க. உள்ள ஆளு இருக்கறதே அவனுக்குத் தெரியாதுங்க…” குழந்தைவேல் அழுதார். “அடிச்சுச் சொல்லியிருந்தா நான் ஆளு நிறுத்தியிருக்க மாட்டனுங்களா அம்மிணி? நின்னா நல்லா இருக்கும்னுதானுங்க சொன்னான்.”

தாரணி தொலைபேசியை வைத்தாள். நல்லா இருக்குமுங்க. பிர்ஜுவா? அந்த வாயா?

மிதுனைக் கூப்பிட்டாள். பழைய முதல் பதிப்பு ஒன்று அவன் மேசை இழுவையில் கிடந்தது. மற்றவற்றையெல்லாம் எப்போதோ பிரித்துப் போட்டாயிற்று. அதையும் ஏழாம் பதிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கணினியைப் போஜ்புரியில் பேசவிட்டு, இரண்டும் தமிழில் என்ன சொல்கின்றன என்று கேட்டார்கள்.

‘கூலி தராவிட்டால் நாளைக்கு வேலைக்கு வரமாட்டேன்,’ என்றது முதல் பதிப்பு. ‘கூலி சீக்கிரம் கிடைச்சா சந்தோசமுங்க,’ என்றது ஏழாவது.

‘காய்ச்சலாக இருக்கிறது, இன்று மூட்டை தூக்க முடியாது.’ ‘கொஞ்சம் அசதிங்க, மெதுவாச் செய்யறேனுங்க.’

பிர்ஜு இப்படித்தான் சொல்லியிருப்பான் என்று தோன்றிய கடைசி வாக்கியத்தைத் தாரணி ஓடவிட்டாள். சுவிட்ச் பக்கத்தில் ஆள் நிற்காமல் நான் உள்ளே இறங்க மாட்டேன்.

‘இறங்கறேனுங்க. சுவிச்சுகிட்ட ஒரு ஆளு நின்னா நல்லா இருக்குமுங்க.’

“மாட்டேன்ங்கறதையே எடுத்துடுச்சு,” என்றாள் தாரணி.

“இப்படிப் பண்ணுன்னு நம்ம யாரும் சொல்லலையே தாரணி! அர்த்தத்துல கைவைக்கறதில்லைன்னுதானே இருந்தோம்?”

“எல்லாரும் சொன்னாங்க மிதுன். அஞ்சு அஞ்சு நட்சத்திரமாப் போட்டுச் சொன்னாங்க. முடியாதுங்கற வார்த்தைக்கு இதுவரைக்கும் யாராவது அஞ்சு போட்டிருக்காங்களா? அதுக்கு அது ஒண்ணுதான் தெரியும். கேக்கறவங்க மனசு நோகக்கூடாது. நாமதான் மணியையும் எடுத்துட்டோம். மணி இருந்திருந்தா, என்னமோ விட்டுப்போச்சுன்னு அவர் நின்னு திருப்பிக் கேட்டிருப்பார்.”

மிதுன் எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்தினான். பிறகு, “வக்கீலைக் கேக்காம வெளியில எதையும் சொல்லாதே,” என்றான். “ஒளிக்கச் சொல்லலை. ஏழாம் பதிப்பை நிறுத்தறதுக்கு வேண்டியதை நான் ஆரம்பிக்கறேன். பல லட்சம் பேர் காதுல இருக்கு, ஒரு நாள்ல நடக்காது. நீ அவசரப்பட்டு எதையாவது ஒத்துக்கிட்டேன்னா கம்பெனி இருக்காது. அப்புறம் நிறுத்தறதுக்கும் ஆள் இருக்க மாட்டாங்க.”

“அந்தப் பொண்ணுகிட்ட சொல்லாம என்னால இருக்க முடியாது.”

“சொல்லி என்ன ஆகப்போகுது?”

“எதுவும் ஆகாது. தெரியணும், அவ்வளவுதான்.”

அவன் தடுக்கவில்லை. முதல் பதிப்புப் பொத்தானை எடுத்துத் துடைத்து அவள் கையில் கொடுத்தான். “இதை மாட்டிக்கோ. அவ என்ன சொன்னாலும் உனக்கு முழுசாக் கேக்கணும்ல,” என்றான். திட்டினால் முழுத் திட்டையும் வாங்கிக்கொள்ள வேண்டும் என்றுதான் அவளும் நினைத்திருந்தாள்.

மறுநாள் காங்கேயத்தில் ஆலை ஓடவில்லை. பிர்ஜுவின் உடல் ஆஸ்பத்திரியில் இருந்தது. சாயங்கால விமானத்தில் ஊருக்குப் போகிறது, சுனைனாவும் அதோடு போகிறாள் என்றார்கள். வாசலில் குழந்தைவேல் சவரம் செய்யாத முகத்தோடு நின்றார். காதில் பொத்தான் இருந்தது. நாலு பீகார்க்காரர்கள் அவரைச் சுற்றி நின்று ஏதோ பேச, அவர் ஒவ்வொருவருக்கும் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினார். தாரணிக்குத் தன் காதில் அவர்கள் பேசுவது பச்சையாக விழுந்தது. பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள்.

“ஆம்புலன்சுக்குச் சொல்லியிருக்குதுங்க. நீங்க அந்தப் புள்ளையப் பாருங்க, நான் இதப் பாத்துப்போட்டு வந்தர்றேன்,” என்றார் அவர்.

ஆலைக்குப் பின்னால் சிமெண்டுக் கூரை போட்ட வரிசை வீடுகள். சுனைனா கதவோரமாகச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் கட்டிவைத்த ஒரு பை. தாரணி எதிரே தரையில் உட்கார்ந்தாள். சுனைனாவே பேச ஆரம்பித்தாள். அழுது அழுது குரல் கம்மியிருந்தது.

“நான் அங்கேயேதான் நின்னேன். சுவிட்சுகிட்ட ஆள் நிக்காம காலைக்கூட உள்ள வைக்க மாட்டேன், அவசரம்னா உன் மகனை இறக்குன்னு சொன்னான். மொதலாளி சிரிச்சுக்கிட்டே தலையாட்டினார். ‘ஆள் நிறுத்திட்டேன், நீ தைரியமா இறங்கு’ன்னார். என் காதாலயே கேட்டேன். அதை நம்பித்தான் இறங்கினான்.”

பாக்கறேன் என்றுதான் குழந்தைவேல் சொல்லியிருக்கிறார். வாயிலிருந்து ‘பாக்கறேன்’ என்று புறப்பட்டது, பிர்ஜுவின் காதுக்குப் போகும்போது ‘ஆள் நிறுத்திட்டேன்’ ஆகிவிட்டது. இந்தப் பக்கம் மறுப்பைச் சம்மதமாக்கிய கருவி, அந்தப் பக்கம் மழுப்பலை வாக்குறுதியாக்கியிருக்கிறது. அலுவலகத்தில் உட்கார்ந்து சோதித்தபோது ஒரு திசையை மட்டும்தான் சோதித்தார்கள். மறுதிசையிலும் மனசு நோகக்கூடாதல்லவா?

“வாக்குக் குடுத்துட்டு ஏமாத்திட்டார்,” என்றாள் சுனைனா. “ஏன்? எட்டு வருசம் உழைச்சவனை எதுக்குக் கொல்லணும்? அதை மட்டும் யாராவது சொன்னாப் போதும். ஊருக்குப் போனா அவன் அம்மா கேப்பா.”

“அவர் ஏமாத்தலை,” என்றாள் தாரணி. வக்கீலும் மிதுனும் நாற்பது சம்பளங்களும் அந்த நேரத்தில் அவள் நினைப்பிலேயே இல்லை. “நல்லாக் கேளு. உன் புருஷன் மாட்டேன்னு சொன்னது அவருக்குப் போகவே இல்லை. அவர் ஆள் நிறுத்திட்டேன்னு சொல்லவே இல்லை, பாக்கறேன்னுதான் சொன்னார். ரெண்டையும் உங்க காதுல இருக்கற பொத்தான் மாத்திச் சொல்லிடுச்சு. அதைப் பண்ணினது நான். எல்லாருக்கும் பிடிக்கணும்னு பண்ணினேன். தப்பு என்னுது.”

சுனைனா அவளைப் பார்த்தபடி கவனமாகக் கேட்டாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “ஆமா,” என்றாள். “எல்லாரும் இதையேதான் சொல்றாங்க. ரொம்ப வருத்தமா இருக்கு, தைரியமா இருன்னு.”

தாரணிக்கு முதலில் புரியவில்லை. “இல்லை, நான் வருத்தம் சொல்லலை. நான்தான் கொன்னேன்னு சொல்றேன். உன் புருஷனை நான்தான் கொன்னேன்!”

சுனைனா கையை நீட்டி அவள் தோளைத் தட்டிக்கொடுத்தாள். “அழாதே. நீ என்ன பண்ணுவே பாவம். இவ்வளவு தூரம் வந்தியே, அதுவே பெரிசு.”

அவள் காதோரத்தில் ஏழாம் பதிப்பு மினுக்கிக்கொண்டிருந்தது. அந்தக் காதைப் பற்றி மிதுனும் யோசிக்கவில்லை, தாரணியும் யோசிக்கவில்லை. தாரணிக்கு முழுசாகக் கேட்க வேண்டும் என்பதிலேயே குறியாக இருந்துவிட்டார்கள். இந்த அலைச்சலில் எது யாருக்காக என்று நினைத்தபோது தாரணிக்குத் தன்மேல் அருவருப்பாக வந்தது.

அவள் தன் காதிலிருந்த பொத்தானைக் கழற்றினாள். நகத்தால் அழுத்தி மொழியை மாற்றினாள். சுனைனாவின் காதிலிருந்ததை மெல்ல எடுத்துத் தரையில் வைத்துவிட்டு, முதல் பதிப்பை அங்கே மாட்டினாள். சுனைனா ஒன்றும் புரியாமல் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். உலகத்தில் மிச்சமிருந்தது அந்த ஒன்று. இனி சுனைனா சொல்வது எதுவும் தனக்குப் புரியாது என்று தாரணிக்குத் தெரியும்.

முதலிலிருந்து மறுபடி சொன்னாள். எதையும் விடவில்லை. ஒசாகாவை மட்டும் சொல்லவில்லை. அதைச் சொல்ல இது இடமில்லை. மணி எதற்கு இருந்தது, அதை எதற்காக எடுத்தேன், எடுத்தபோது தெரிந்தே எடுத்தேன், மேடையில் கைதட்டினேன் என்பதுவரை சொன்னாள். பாதியிலேயே சுனைனாவின் கை அவள் தோளிலிருந்து விலகிக்கொண்டது. முகத்தில் முதலில் குழப்பம், அப்புறம் ஏதோ ஒரு அமைதி. தாரணி முடித்தாள்.

சுனைனா கத்தவில்லை. கையை ஓங்கவில்லை. தாரணியின் கண்ணைவிட்டுக் கண்ணை எடுக்காமல், தாழ்ந்த குரலில், நிறுத்தி நிறுத்திப் பேசத் தொடங்கினாள். பிர்ஜு என்ற பெயர் நடுவில் வந்தது. இன்னொரு முறை வந்தது. வேறு ஒரு சொல்லும் தாரணிக்குப் பிடிபடவில்லை. எழுந்து போய்விடலாம் போலிருந்தது. போகக்கூடாது என்று விரல்களைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

செருப்புச் சத்தம் கேட்டது. குழந்தைவேல் ஆம்புலன்ஸ் வந்துவிட்டதென்று சொல்ல வந்தவர், சுனைனா பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்து வாசலிலேயே துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார். பொத்தான் இருந்த காதைச் சாய்த்துக் கேட்டார். அவருடைய கண் கலங்கிற்று.

“காதுல மாட்டலீங்களா அம்மிணி?” என்றார் மெதுவாக.

தாரணி இல்லை என்று தலையசைத்தாள்.

“நல்ல புள்ளைங்க. இந்த நெலமையிலும் எத்தன மருவாதையாப் பேசுது பாருங்க. நீங்க வந்தது அவளுக்குப் பெரிய ஆறுதலாமுங்க.” துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “உங்கள ஆயுசுக்கும் மறக்க மாட்டாளாமுங்க.”

சுனைனா இன்னும் பேசி முடிக்கவில்லை.